விரால் அடிக்குது, கரைக்கு வரலையா? கண்மாயில் லூர் போடுபவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மதுரை மாவட்டத்தில் மேலூர் பக்கமோ திருமங்கலம் பக்கமோ, ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் ஏறினால் தவளை லூர், அதாவது தவளை வடிவில் ரப்பரில் செய்த போலி இரை, வீசிக்கொண்டு இரண்டு பேராவது நிற்கிறார்கள். பேச்சுக் கொடுத்தால் முதல் கேள்வியே "அண்ணே, எந்த லூர் நல்லா எடுக்கும்?" என்பதுதான். லூரை மாற்றியதால் சரியான நாள் என்று என் அனுபவத்தில் மிகக் குறைவு. நிற்கும் இடம், இழுக்கும் நேரம், முடிச்சு, முள்ளின் கூர்மை, இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் கோளாறு. நான்கையும் காசு செலவில்லாமல் அங்கேயே சரிசெய்யலாம். அதனால் கரையில் நின்று நீங்கள் என்ன பார்க்கிறீர்களோ அதையே தலைப்பாக வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறைத் தேடிப் படியுங்கள். முதலில் சொல்லியிருப்பதை முதலில் செய்யுங்கள், கடைக்குப் போவது கடைசியில்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாம் வாங்கும் தவளை லூர், அதற்கான கனமான ராடு (தூண்டில் கோல்) எல்லாம் பெரும்பாலும் அமெரிக்காவின் லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனுக்காக உருவான சாமான்கள். நாம் பார்த்துப் பழகும் வீடியோக்களும் பெரும்பாலும் அந்த மீனுக்கானவைதான். பாஸ் பெரிய வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சிவிடும். விரால் பல்லால் கவ்வும். பாஸ் செவுளால் மட்டும் சுவாசிக்கும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். பாஸைப் பிடித்ததும் கட்டை விரலை வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்குவார்கள், அதன் பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகத்தான் இருக்கும். விரால் வாயில் அப்படி விரலை விட்டால் கிழிந்துவிடும். இந்த வித்தியாசங்களை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கோளாறுக்குக் காரணம் தானாகவே புரியும்.

ஒரு அடிகூட விழவில்லை

மீன் லூர்மேல் பாய்வதைத்தான் அடி என்கிறோம். அது விழவில்லை என்றால் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து கலுங்கு (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்துகொண்டிருந்தால் விரால் நடுத்தண்ணீரில் இருக்காது. புதிதாக முங்கிய புல்லுக்குள், கரையை ஒட்டி, சில சமயம் முழங்கால் ஆழம்கூட இல்லாத இடத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் நாற்பது மீட்டர் தூரம் வீசிக்கொண்டு நிற்கிறோம், மீன் நம் காலடியில் இருக்கிறது. தண்ணீர் ஓரத்திலிருந்து பத்தடி பின்னால் நின்று, கரைக்கு இணையாக வீசுங்கள்.

தை, மாசியில் தண்ணீர் தெளிந்து இறங்க ஆரம்பிக்கும். அப்போது அல்லி இலை முடியும் விளிம்பு, முங்கி நிற்கும் கருவேல மரத்தின் தூர், கோரை நடுவே இருக்கும் சின்னச் சின்ன வெட்டவெளி, இவைதான் இடம். பங்குனி, சித்திரையில் தண்ணீர் சுருங்கி மடைப் பக்கத்துப் பள்ளத்தில் நிற்கும். மீன் ஒரே இடத்தில் கூடியிருக்கும், ஆனால் வெயில் ஏறினால் வாயைத் திறக்காது. காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். கத்திரி வெயிலில் நண்பகலில் நிற்பது மீனுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

அடுத்தது காது. வந்தவுடன் வீச ஆரம்பிக்காதீர்கள். ராடைக் கீழே வைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். காற்றுக் குடிக்க விரால் மேலே வரும்போது 'ப்ளக்' என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் கேட்கும், ஒரு வட்டம் விரியும், ஒன்றிரண்டு குமிழி வரும். ஜிலேபிக் கெண்டை வாலடிப்பது இப்படி இருக்காது, அது சளசளவென்று இருக்கும். இரண்டு நாள் கவனித்தால் காது பழகிவிடும். மீன் தானாகவே தன் இடத்தைச் சொல்கிறது. இந்த வசதி பாஸ் பிடிப்பவர்களுக்குக் கிடையாது, நாம்தான் அதைப் பயன்படுத்தாமல் விடுகிறோம். வட்டம் தெரிந்ததும் அதன் தலையிலேயே லூரைப் போட்டுவிடாதீர்கள். ஆறேழு அடி தாண்டிப் போட்டு அந்த இடத்தின் வழியாகக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, உங்கள் நிழல். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகில் அடிக்கும், நிழல் நீளமாகத் தண்ணீரில் விழும். மேற்குக் கரைக்கு மாறிவிடுங்கள். கரையில் திடுதிடுவென்று நடந்தாலும் மண் வழியாக அதிர்வு போய்விடும்.

நான்காவது, வேகம். தவளையை நிற்காமல் ஓட்டிக்கொண்டே வருவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. இலைமேல் ஏற்றி, விளிம்பில் இருந்து தண்ணீரில் இறக்கி, அங்கேயே நிறுத்துங்கள். ஐந்து எண்ணுங்கள். லேசாக ஒரு ஆட்டு. மறுபடி நிறுத்துங்கள். நான் வாங்கிய அடிகளில் பெரும்பாலானவை தவளை நின்றிருந்தபோது விழுந்தவை.

இவ்வளவும் செய்தபிறகு வேண்டுமானால் லூரை மாற்றுங்கள். மழைத் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்தால் கறுப்பு. கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தை எதிர்த்துக் கறுப்பு உருவம்தான் பளிச்சென்று தெரியும். தண்ணீர் தெளிவாக இருந்தால் பச்சையோ பழுப்போ. நிறத்தைப் பற்றி இதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை.

அப்படியும் அடி இல்லை என்றால் கண்மாயில் மீனே இல்லாமல் இருக்கலாம். மதுரை மாவட்டத்தில் பல கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் விடுகிறார்கள். குத்தகை எடுத்தவர் போன வாரம்தான் வலை இழுத்திருப்பார். மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே ஊத்தா, கச்சா, வலை என்று இறங்கி அள்ளிவிடும். அதன்பிறகு அடுத்த மழைக்கு முன் அங்கே போய்ப் பயனில்லை. எப்படியும் வீசுவதற்கு முன்னால் குத்தகைக்காரரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த மீன் அவர் காசு போட்டு விட்ட குஞ்சாக இருக்கலாம். கேட்டால் பெரும்பாலும் "சரி, போடுங்க தம்பி" என்பார்கள், மீன் நிற்கும் இடத்தையும் அவர்களே காட்டுவார்கள். வைகை அணை, சாத்தியார் அணை போன்ற இடம் என்றால் மீன்வளத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

அடிக்கிறது, முள் ஏறவில்லை

எல்லோரையும் வாட்டுவது இதுதான். தண்ணீர் வெடித்ததுபோல் ஒரு சத்தம், ராடைத் தூக்கினால் தவளை மட்டும் காற்றில் பறந்து முகத்துக்கு வருகிறது.

ஒரு புரட்டாசிக் காலையில் மேலூருக்குக் கிழக்கே ஒரு கண்மாயில் எனக்கு ஏழு அடி விழுந்தது. ஒரு மீன்கூடக் கரை ஏறவில்லை. கொஞ்சம் தள்ளி டியூபில் மிதந்தபடி வலையை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தில் வந்ததும் சொன்னார்: "ஏப்பா, அது சத்தம் போடுறப்பவே நீ இழுத்துர்ற. சத்தத்துக்கு இழுக்காத. கையில கனம் வரட்டும், அப்புறம் இழு." அன்றைக்கு அதன்பிறகு அடியே விழவில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் மூன்று அடி, இரண்டு மீன்.

நடப்பது இதுதான். விரால் தவளையின் பின்பக்கத்தையோ காலையோ கவ்வுகிறது. கவ்வியதும் திரும்பிக் கீழே போகிறது. போகும்போதுதான் இரையை வாய்க்குள் சரிசெய்துகொள்கிறது. சத்தம் கேட்கும் நொடியில் முள் இன்னும் வாய்க்குள் போகவே இல்லை. அதனால் அடி விழுந்ததும் ராடின் நுனியைத் தண்ணீரை நோக்கி இறக்குங்கள். தொய்ந்த நரம்பை (தூண்டில் நூலை) ஒரு சுற்று, இரண்டு சுற்று எடுங்கள். அதற்குள் மனதில் 'ஒன்னு, ரெண்டு' என்று எண்ணி முடிந்திருக்கும். நரம்பு இறுகி, கையில் கனம் தெரியும். அந்தக் கனம் வந்தபின் இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. கனம் வரவில்லையா, இழுக்காதீர்கள். தவளை அங்கேயே கிடக்கட்டும். அதே மீன் திரும்பி வந்து இரண்டாவது தடவை அடிப்பது சாதாரணம். இழுத்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

காத்திருந்தும் ஏறவில்லை என்றால் லூரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விராலின் பல் ரப்பரில் சின்னச் சின்னப் புள்ளியாக, ஊசி குத்தியதுபோல் தடம் வைத்திருக்கும். அந்தத் தடம் எங்கே இருக்கிறது என்பதே உங்கள் கோளாறைச் சொல்லிவிடும்.

தடம் தவளையின் காலாகத் தொங்கும் நூலில் மட்டும் இருந்தால், அல்லது நூல் பிய்ந்திருந்தால், மீன் பின்னால் கவ்வுகிறது. கால் நீளமாக இருப்பதுதான் காரணம். கடையில் வரும்போது அது நான்கு அங்குலம்வரை இருக்கும். இரண்டு அங்குலத்துக்கு வெட்டுங்கள். ஒரு காலை மற்றதைவிட அரை அங்குலம் குட்டையாக வெட்டினால் தவளை இடம் வலம் ஆடிக்கொண்டு வரும், கூடுதல் லாபம்.

தடம் உடம்பின் நடுவே இருந்தால் மீன் சரியாகத்தான் கவ்வியிருக்கிறது, குறை தவளையிடம். இரண்டு விரலால் அதை அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதுமே இரண்டு முள்ளும் முதுகுக்குமேல் முழுசாக வெளியே தெரிய வேண்டும். கட்டியாக இருந்து பலமாக அமுக்க வேண்டியிருந்தால் மீனாலும் அமுக்க முடியாது. விலை குறைந்த தவளைகளில் இது அடிக்கடி உண்டு. டீ போடும் சூட்டில் தண்ணீரை வைத்து, அதில் தவளையை ஒரு நிமிடம் போட்டு எடுத்து, கையால் பிசைந்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் இளகிவிடும். அதோடு, முள்ளின் நுனி ரப்பரில் அழுந்திக் கிடந்தால் கொறடால் பிடித்து வெளிப்பக்கமாக லேசாக, ஒரு நெல்மணி கனத்துக்கு, விரித்துவிடுங்கள். அதிகம் விரித்தால் ஒவ்வொரு இலையிலும் மாட்டும்.

தடமே இல்லை என்றால் மீன் வாயைத் திறக்காமல் மோதுகிறது. சின்ன மீனாக இருக்கலாம், குஞ்சு காக்கும் பெரிய விராலாக இருக்கலாம். குஞ்சு விஷயத்தைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

நரம்பையும் பாருங்கள். நைலான் நரம்பு, ஊரில் தங்கூசி என்கிறோமே அது, ரப்பர் மாதிரி நீளும். இருபத்தைந்து மீட்டர் தள்ளி அடிக்கும் மீனுக்கு நீங்கள் எவ்வளவு பலமாக இழுத்தாலும் பாதி இழுப்பை நரம்பே தின்றுவிடும். தவளை லூருக்கு, பல இழைகளைப் பின்னிச் செய்த, நீளாத பிரெய்டு நரம்பு வேண்டும், 30 முதல் 40 பவுண்டு போதும். இந்த ஒரு இடத்தில் மட்டும் காசு செலவழிப்பது நியாயம்.

ஏறியது, பாதி வழியில் கழன்றது

முதல் ஐந்து நொடியில் தலையை மேலே திருப்பாவிட்டால் விரால் பாசிக்குள்ளோ ஆகாயத்தாமரை வேருக்குள்ளோ புகுந்துவிடும். புகுந்தபின் இழுப்பது மீனை அல்ல, புதரை. டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்காமல் பிடிக்கும் இறுக்கம், இளகி இருப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். வீட்டிலேயே சரிபார்க்கலாம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிறைத்து நரம்பில் கட்டுங்கள். ராடை வளைக்காமல், ரீலைக் கையில் பிடித்து நேராக நரம்பால் தூக்குங்கள். டிராக் நழுவாமல் பாட்டில் மேலே வர வேண்டும். வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் மட்டும் கொஞ்சம் நழுவ வேண்டும். அந்த அளவு புல்லுக்குள் விரால் பிடிக்கச் சரியாக இருக்கும்.

ஒருவேளை புகுந்துவிட்டது, அசையவில்லை. உடனே முறுக்கி இழுக்காதீர்கள். நரம்பை இறுக்கமாக வைத்துக்கொண்டு காத்திருங்கள். சில நேரம் மீன் தானாகவே வேறு பக்கம் திரும்பி வெளியே வரும். வரும் நொடியில் சுற்றுங்கள்.

முள் மழுங்கியிருந்தாலும் கழலும். நுனியைக் கட்டை விரல் நகத்தின்மேல் வைத்து மெதுவாக இழுங்கள். நகத்தைக் கீறி நின்றால் கூர். வழுக்கிக்கொண்டு போனால் மொட்டை. சின்ன அரத்தால் நாலு தேய்ப்பு போதும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், கல்லிலோ கருவேல மரத்திலோ முட்டிய பிறகும் நகத்தில் வைத்துப் பாருங்கள்.

கரைக்குப் பக்கத்தில் வந்து கழல்கிறதா? அது பெரும்பாலும் தூக்குவதால். நரம்பைப் பிடித்து அந்தரத்தில் தூக்கினால் விரால் உடம்பை முறுக்கித் தலையை உதறும், முள் ஏறிய ஓட்டை பெரிதாகிவிடும். ராடைத் தாழ்த்தி, வேகம் குறையாமல் புல்மேல் வழுக்கிக்கொண்டு வந்து, தண்ணீரிலிருந்து மூன்று நான்கடி உள்ளே கொண்டுவந்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். விரால் தரையில் நெளிந்தே தண்ணீருக்குத் திரும்பிவிடும்.

நரம்பு அறுந்தது

அறுந்த நுனியைத் தூக்கி எறியாதீர்கள், அதைப் படியுங்கள். நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிவிட்டது. கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் ஏதோ ஒரு கூர்மை வெட்டியிருக்கிறது. பஞ்சு மாதிரி பிரிந்திருந்தால் மரத்திலோ கல்லிலோ பலநாள் தேய்ந்தது.

முடிச்சு என்றால், பிரெய்டுக்கு பாலமர் முடிச்சைப் பழகிக்கொள்ளுங்கள். போடுவது சுலபம், வழுக்காது. எந்த முடிச்சானாலும் இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்தபடியே இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பு பலம் குறைந்துவிடும், நைலானில் இது அதிகம்.

வெட்டு என்றால் ராடின் வளையங்களைச் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் பஞ்சை உருட்டி ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுத் தேயுங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே கீறல் இருக்கிறது. டூவீலரில் ராடைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நுனி வளையத்தில்தான் இது வரும்.

தேய்மானம் என்றால் ஒவ்வொரு காலையும் கடைசி ஒரு மீட்டரை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். நைலான் நரம்பை வெயிலில் போட்டு வைத்திருந்தால் அது உள்ளுக்குள் செத்திருக்கும், வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். வெட்டிய துண்டு எவ்வளவு சின்னதானாலும் சட்டைப்பைக்குள் போகட்டும். கரையில் கிடக்கும் நரம்பு நாரையின் காலிலும் கொக்கின் காலிலும் சுற்றிக்கொள்ளும். ஒரு மடையான் கொக்கு கால் வீங்கி, கோரையில் தலைகீழாகத் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதை விடுவிக்க ஒரு மணி நேரம் ஆனது, ஆனால் அந்தக் கால் பிழைத்ததா என்று தெரியவில்லை.

ரீலில் நரம்பு சிக்கிக்கொள்கிறது

ஸ்பின்னிங் ரீல் (ராடுக்குக் கீழே தொங்கும் வகை) என்றால் மூன்று காரணம். ஸ்பூலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளையில்) விளிம்புவரை நரம்பை நிறைத்திருப்பீர்கள், இரண்டு மில்லிமீட்டர் குறைத்துவிடுங்கள். லூர் விழுந்ததும் கைப்பிடியைச் சுற்றிப் பெயில் கம்பியை (வீசும்போது திறந்துவிடும் வளைந்த கம்பியை) மூடுவீர்கள், இனிமேல் கையால் மூடி நரம்பை ஒரு தடவை இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். மூன்றாவது காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், பத்து கிராம் லூர் எம்மாத்திரம். அந்த மாதத்தில் காற்று முதுகில் அடிக்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள், லூரை மேலே தூக்காமல் தாழ்வாக வீசுங்கள்.

நரம்பு முறுக்கேறித் தானாகவே சுருள்கிறது என்றால் லூரைக் கழற்றிவிட்டு வெறும் நரம்பைக் கரைமேல் ஐம்பது மீட்டர் இழுத்துக்கொண்டு நடங்கள். பிறகு ஈரத்துணியில் பிடித்தபடி சுற்றி எடுங்கள். வைகையிலோ பெரியாறு கால்வாயிலோ தண்ணீர் ஓடும் நாளாக இருந்தால் வெறும் நரம்பை ஓட்டத்தில் விட்டாலே முறுக்கு பிரிந்துவிடும்.

பெயிட்காஸ்டர் ரீல் (ராடுக்கு மேலே உட்காரும் வகை, வீசும்போது ஸ்பூலே சுற்றும்) என்றால் ஒரு சோதனை போதும். ராடைக் கிடையாகப் பிடித்து ஸ்பூலை விடுங்கள், லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றினால் பக்கத்துத் திருகை இறுக்குங்கள். மிச்சம் கட்டை விரல் பழக்கம்தான், வீட்டு மாடியில் ஒரு வாரம்.

தவளை முங்குகிறது, ஸ்பின்னர் பாசியை வாருகிறது

தவளையின் வயிற்றுக்குள் தண்ணீர் போயிருக்கும். நாலைந்து வீச்சுக்கு ஒரு தடவை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கால் நூல் வரும் ஓட்டை பெரிதாகி இருந்தால் ஒரு சொட்டு பசை. ஸ்பின்னர், அதாவது சுழலும் தகடு வைத்த லூர், பாசிக்கான சாமானே இல்லை. மடைக்கு வெளியே, கலுங்குக்குக் கீழே ஓடும் வெட்டவெளித் தண்ணீரில் போடுங்கள், அங்கே நன்றாக எடுக்கும்.

லூர் மரத்தில் மாட்டிக்கொண்டது

வெடுக் வெடுக்கென்று இழுத்தால் முள் மரத்தில் இன்னும் ஆழமாக ஏறும். முதலில் நரம்பைத் தொய்யவிட்டு ராடை லேசாக ஆட்டுங்கள், பாதி நேரம் தானாக விழுந்துவிடும். வேறு கோணத்துக்கு நடந்துபோய்ப் பாருங்கள். கடைசி வழி, ராடை லூரை நோக்கி நேராக நீட்டி, ஸ்பூலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது. முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கழன்றால் லூர் தோட்டா மாதிரி வரும். பிரெய்டு நரம்பைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, எலும்புவரை அறுத்துவிடும். ஒரு குச்சியில் நாலு சுற்று சுற்றிப் பிடியுங்கள்.

தண்ணீருக்குள் இறங்கி எடுக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். கண்மாயின் தரை சமமாக இருக்காது. வண்டல் அள்ளிய குழிகள் உள்ளே ஆளை முழுங்கும் ஆழத்தில் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீர் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடி பத்தடிப் பள்ளமாக இருக்கலாம், கால் சேற்றில் புதைந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாது. முந்நூறு ரூபாய் லூர் போனால் போகட்டும். இதைக் கூட வரும் சின்னப் பையன்களிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

புழு காலியாகிறது, மீன் இல்லை

லூர் இல்லாமல் தக்கை கட்டிப் புழு போடுபவர்களுக்கு வரும் தொல்லை. தக்கை துடித்துக்கொண்டே இருக்கும், முங்காது. கெண்டைப் பொடியும் ஜிலேபிக் குஞ்சும் கொத்துகின்றன. முள்ளைச் சின்னதாக்கினால் அவையே கிடைக்கும். பெரிய மீன்தான் வேண்டுமென்றால் கோழிக்குடலுக்கு மாறிவிடுங்கள், சின்ன வாய்க்கு அது ஆகாது. கெளுத்தியும் விராலும் அதற்கு வரும். உயிருள்ள தவளையை முள்ளில் குத்துவதை நான் விட்டுவிட்டேன். வயலுக்கு அது வேண்டும், ரப்பர் தவளையே வேலையைச் செய்கிறது.

முள் கையில் ஏறியது

முதல் வேலை நரம்பை வெட்டுவது. லூரில் மீனும் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்து அதைப் பிரியுங்கள், அது துள்ளினால் முள் இன்னும் உள்ளே போகும். முள்ளின் எதிர்முள் (நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டும் சிறுமுனை) தோலுக்கு உள்ளே போய்விட்டது என்றால் பிய்க்கப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் தொடவே வேண்டாம். கண்மாய்ச் சேறு பட்ட காயத்துக்கு டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எதிர்முள்ளை முன்கூட்டியே கொறடால் நசுக்கித் தட்டையாக்கி வைத்திருந்தால் இதெல்லாம் ஒரு நொடி வேலை, வந்த வழியே வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். நான் எல்லா லூரிலும் நசுக்கித்தான் வைத்திருக்கிறேன். நரம்பு தொய்யாமல் பார்த்துக்கொண்டால் அதனால் மீன் கூடுதலாகக் கழல்வதாகத் தெரியவில்லை.

விட்ட மீன் மல்லாந்துவிட்டது

விரால் காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் கரையில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று நினைக்கிறோம். மூச்சு தாங்கும், தோல் தாங்காது. சித்திரை வெயிலில் சுடும் கல்லில் போட்டுப் படம் எடுத்தால் மேலிருக்கும் வழவழப்பு எல்லாம் போய்விடும், பிறகு புண் வரும். விடப்போகிறோம் என்று முடிவு செய்தால் கையை நனைத்துக்கொண்டு, ஈரப் புல்லில் வைத்து, கொறடால் முள்ளை எடுத்து, உடனே தண்ணீரில் விடுங்கள். செவுளில் ரத்தம் வந்தால் அது பிழைப்பது கடினம், அதைக் குழம்புக்கு எடுத்துப் போவதுதான் சரி.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கிறது, கவ்வவில்லை

வீசுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரை உற்றுப் பாருங்கள். ஒரு முறம் அகலத்துக்கு மேல்தண்ணீர் கொதிப்பதுபோல் சிறுசிறு குமிழியாக இருக்கும். வெயில் சரியாக விழுந்தால் குங்குமம் கரைத்ததுபோல் செந்நிறம் தெரியும். அது விரால் குஞ்சுக் கூட்டம். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு ஒன்றாக இறங்கும். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். உங்கள் தவளையை அது தின்ன வரவில்லை, விரட்ட வருகிறது. அதனால்தான் லூரில் பல் தடம் இல்லை.

அந்த மீனைப் பிடிப்பது சுலபம். நாலு தடவை வீசினால் கோபத்தில் ஒரு தடவை கவ்விவிடும். ஆனால் அதைத் தூக்கிய கொஞ்ச நேரத்தில் குரவையும் ஜிலேபியும் சுற்றி வந்துவிடும், மீன்கொத்தி மேலிருந்து இறங்கும், கூட்டம் காலி. அடுத்த வருடம் அந்தக் கண்மாயில் நீங்கள் தேடி வரும் மீன்கள் அவைதான். லூரைச் சுற்றி எடுத்துக்கொண்டு நூறடி தள்ளிப் போய் வீசுங்கள். சில வாரத்தில் குஞ்சுகளின் சிவப்பு மாறிக் கறுக்கும், கூட்டம் கலைந்து தனித்தனியாகப் புல்லுக்குள் போய்விடும். அதன்பிறகு அந்த இடத்துக்கு வாருங்கள்.